பயனர் பெயர்

மருத்துவமனை சர்வரின் நுழைவுப் பதிவைக் காலையில் படிப்பதுதான் ஜெசிந்தாவின் முதல் வேலை. முந்தின நாள் முழுக்க யார் யாரோ ஏதேதோ பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே வரப் பார்த்திருப்பார்கள். அவர்கள் வரும் இணைய முகவரிகளையெல்லாம் தடுத்துவிடுவாள். அன்று தோற்றுப்போன பெயர்களில், அட்மின், டெஸ்ட் என்பவற்றுக்குக் கீழே ‘சிட்டுமூஞ்சி’ என்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன அண்ணன் ரீகன் மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான். அந்த முகவரியை விட்டுவைத்தாள். மறுநாளும் அதே பெயர் வந்தது.

மூன்றாம் நாள் மேலாளர் சபாபதி அவள் திரையைப் பார்த்தார்.

“இந்த ஒண்ண மட்டும் ஏம்மா விட்டு வச்சிருக்க?”

“தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கு சார்.”

“தெரிஞ்சவன் எதுக்கும்மா பூட்டை ஆட்டிப் பாக்குறான்? எத்தனை நோயாளிங்க விவரம் உள்ள இருக்கு!”

அவர் சொன்னது சரிதான். ஆனால் தடுப்பதற்கு முன், நுழைய வருபவர்களுக்குத் தெரியும் எச்சரிக்கையைத் திறந்து, ‘அனுமதி இல்லாதவர்கள் நுழையக் கூடாது’ என்ற வரிக்குக் கீழே தன் கைபேசி எண்ணைச் சேர்த்தாள். ஒரே ஒரு நாள் அதை அப்படியே விட்டாள். அடுத்த காலையில் எண்ணை அழித்தாள், முகவரியையும் தடுத்தாள். அதிலிருந்து, தெரியாத எண் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, எதிர்ப்பக்கம் பேசும்வரை காத்திருக்கிறாள்.