நடுச்சுவர்

“தானியக் கிடங்கு, மாட்டுக்கொட்டகை, கிணறுகூட ரெண்டு ரெண்டா இருக்கே, ஏன்னு யோசிக்கிறீங்களா?”

அந்தப் பழைய பண்ணைவீட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்த முதல் நாள். வீட்டை இரண்டாகப் பிளந்து நின்ற சுவரைத் தட்டிக் காட்டினாள் வழிகாட்டிப் பெண்.

“அண்ணன் தம்பி சண்டை. இந்தச் சுவரை எழுப்பினதோட பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. ஆனா இங்க பாருங்க!”

அடுக்களை அலமாரியின் பின்பலகையை நகர்த்தினாள். சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு.

“ரெண்டு ஓரகத்திகளும் கொத்தனாரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு விட்டுவச்ச வழி. உப்பு, சாப்பாடு, கைக்குழந்தை எல்லாம் இது வழியாத்தான் போய் வந்துச்சு.”

“புருஷங்களுக்குத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்டார்.

“பொம்பளைங்க ரெண்டு பேரும் மூச்சு விடலையே!”

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், பக்கத்தில் நின்றவரைக் காட்டி வெடித்தார்.

“அடிப்பாவிங்களா! அப்போ நான் ஆஹா ஓஹோன்னு சாப்பிட்டதெல்லாம் இவன் பொண்டாட்டி சமையலா?”

“பெரியப்பா, கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்க,” என்றாள் அவள் அசராமல். “அப்பா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?”

அவள் அப்பா சுவரின் மறுபக்கத்துக்குப் போனார். திறப்பு வழியாக அவருடைய கை நீண்டது.

“அண்ணே, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?”