பக்கத்து அறை அம்மா

“ஐயோ, குழந்தை அந்தக் கத்து கத்துது, அவ பாட்டுக்கு எழுந்து போறா பாருங்க!”

என்ற டீச்சரின் கையிலிருந்த ஸ்பூன் பாதியில் நின்றது.

எதிர் மேசையில் ரெண்டு வயசுப் பாப்பா “அம்மா, அம்மா” என்று கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டாள். அப்பாக்காரர்தான் ஒரு கையில் வாழைப்பழமும் மறு கையில் குழந்தையுமாகத் திண்டாடினார்.

“நீ முதல்ல உன் பிள்ளையைப் பாரு,” என்றார் டீச்சரின் கணவர். ‘உருண்டை’ என்று செல்லமாகக் கூப்பிடும் அவர்களுடைய மகன் அதற்குள் ஜாமை எடுத்துத் தலையில் தடவியிருந்தான்.

குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களுக்கென்றே கட்டிய தீவு ரிசார்ட் அது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு நீச்சல் குளம், சறுக்குமரம், மேசைக்கு மேசை குட்டி நாற்காலி. வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகள் பின்னால் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தார்கள், அவள் ஒருத்தியைத் தவிர.

லீவில் வந்தால் மட்டும் டீச்சர் கண் சும்மா இருக்குமா? பகல் முழுக்க அந்தக் குடும்பத்தின் மேலேயே இருந்தது.

குளிப்பாட்டுவது அப்பா. டயப்பர் மாட்டுவது அப்பா, அதுவும் முன்பின் மாற்றி. ரெட்டைக் குடுமி போட்டுவிடுவதும் அப்பாதான். ஒன்று நெற்றிக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றது, இன்னொன்று காதுக்குக் கீழே தொங்கியது. அவளோ நாலடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பொழுது சாய்ந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பெரிய சினிமா ஸ்டாருன்னு நினைப்பு,” டீச்சர் பல்லைக் கடித்தாள்.

சாயங்காலம் வராந்தாவில் பார்த்ததுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா குழந்தையோடு ஒரு அறைக்குள் போனார். அவள் அடுத்த அறையைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“கேட்டீங்களா அநியாயத்தை! மகாராணிக்குத் தனி ரூமாம்! குழந்தை அழுதா தூக்கம் கெட்டுடுமாம்!”

“அவங்களே உன்கிட்ட சொன்னாங்களா?”

“இதையெல்லாம் வாய் விட்டு வேற சொல்லணுமா?”

“ஊர் வம்பு நமக்கெதுக்கு?”

“வம்பா? நாளைக்கு மட்டும் என் கையில மாட்டட்டும், நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்!”

மாட்டத்தான் செய்தாள்.

மறுநாள் அப்பா மணல் வீடு கட்டத் தண்ணீர் பிடிக்க வாளியோடு குழாயடிக்குப் போயிருந்தார். பாப்பா ஓடிவந்த வேகத்தில் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். வாயெல்லாம் மணல். “அம்மா!” என்று வீறிட்டாள்.

கறுப்புக் கண்ணாடிக்காரி பதறி எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “மாமா! சீக்கிரம் வாங்க மாமா!” என்று குழாயடியைப் பார்த்துக் கத்தினாள்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. கண் முன்னால் விழுந்த பிள்ளையைத் தூக்காமல் புருஷனைக் கூப்பிடுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா!

ஒரே பாய்ச்சலில் போய்ப் பாப்பாவை அள்ளினாள். வாயைத் துடைத்தாள். நேரே கொண்டுபோய் அவள் மடியில் தொப்பென்று வைத்தாள்.

“இந்தாங்க! பெத்தா மட்டும் போதாது, தூக்கவும் தெரியணும்!”

பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட வேகத்தில் கண்ணாடி கழன்று விழுந்தது. அந்தக் கண்களைப் பார்த்த டீச்சருக்குத் திக்கென்றது. அழுது அழுது இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. குழந்தையைத் தொடப் பயந்தவளாய் அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க இப்படிப் பண்ணிட்டீங்க? இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் போச்சே!”

“பெத்த பிள்ளையைத் தூக்குறதுல என்னங்க பாடு?”

“நான் பெக்கலைங்க. பெத்தவ எங்க அக்கா. இவ பிறந்த அன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டா.”

டீச்சர் அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

“மாமாவுக்குக் கப்பல்ல வேலை. பச்சைக் குழந்தையா நான்தான் தூக்கிட்டு வந்தேன். பேச்சு வந்ததும் என்னைப் பாத்து அம்மான்னா. சித்தின்னு திருத்த எனக்கு மனசு வரலை. இப்ப அவருக்குக் கரையிலேயே வேலை கிடைச்சிருச்சு. நாளைக்குப் போட் ஏறினதும் மகளைக் கூட்டிட்டுத் தன் ஊருக்குப் போறாரு.”

“அப்ப, அந்தத் தனி ரூம்...”

“வீட்டுல இருந்தா ஆளாளுக்குத் தூக்கிடுறாங்க, அவர்கிட்ட ஒட்டவே மாட்டேங்குறா. இங்க அவரை விட்டா வேற ஆள் இல்ல. நான் திடீர்னு காணாமப் போனா பயந்துடுவான்னுதான் கூடவே வந்தேன். கண்ணுல படணும், ஆனா கையில படக்கூடாதுன்னு இருந்தேன். நேத்துதாங்க முதல் தடவையா அவர் தோள்ல அழாமத் தூங்கினா. சுவத்துல காதை வெச்சுக் கேட்டுட்டே இருந்தேன்.”

வாளியோடு ஓடிவந்த அப்பா, பாப்பா இருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

பாப்பா விசும்பலை நிறுத்தி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதுவரை மேலே நின்ற கைகள் தாமாகவே இறங்கிக் குழந்தையை இறுக்கிக்கொண்டன.

“தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க,” டீச்சர் கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

“மன்னிப்பெல்லாம் வேணாங்க.” அவள் கண்களை மூடிக்கொண்டாள். “மடியில வெச்சது நீங்கதானே? நீங்களே எடுத்து அவர்கிட்ட குடுத்துடுங்க. எனக்குக் கை வரலை.”