மூலைக்காரனின் உழைப்புப் புள்ளி

ரசிகர்கள் கைப்பேசியில் தேர்ந்தெடுக்கும் கபடி அணிதான் இப்போதெல்லாம் களத்திலும் இறங்குகிறது. மூலையில் நிற்கும் இளம்பரிதிக்குப் பயந்து பாடி வரும் எந்த ரைடரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு, சட்டையில் தைத்திருந்த, அசைவை மட்டும் அளக்கும் மகா மேதாவிக் கருவி கொடுத்த உழைப்புப் புள்ளி பூஜ்யம். இன்னொரு பூஜ்யம் வாங்கினால் அவனை எந்த ரசிகரும் அணியில் எடுக்கமாட்டார்.

"பொண்டாட்டி நீயாவது என்னை எடுத்திருக்கலாமே, தமயந்தி!"

"சும்மா நிக்கிற ஆளை எப்படிங்க எடுக்கிறது? ஓட வேண்டாமா, விழ வேண்டாமா?"

"நான் நிக்கிறதாலதாண்டி அவன் வரமாட்டேங்கிறான்!"

"அதைக் கருவிகிட்ட சொல்லுங்க."

அடுத்த ஆட்டத்தில் வெறுத்துப்போய் மூலையைத் திறந்துவிட்டான். வந்தவனையெல்லாம் துரத்தினான், உருண்டான், ஒருவனையும் பிடிக்கவில்லை. அணி முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. உழைப்பில் அவன் முதலிடம்.

"இன்னிக்குத்தாங்க உருப்படியா வேலை பார்த்திருக்கீங்க" என்று தமயந்தி தன் கைப்பேசி அணிக்கு அவனைக் கேப்டனாகவே போட்டாள்.