கால் பழக்கம்

காரின் இன்ஜின் கணினியில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்த மெக்கானிக் அப்சல், "புது சாஃப்ட்வேர் வந்திருக்குக்கா. ஏத்திட்டா, ஓட்டுறவங்க கால் பழக்கத்த வண்டி கத்துவச்சிருக்கும்ல, அது மட்டும் அழிஞ்சிரும்" என்றான்.

ரெஜினா பதறிப்போய் லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள். "வேணாம் தம்பி. அதுல என் வீட்டுக்காரர் இருக்காரு."

சேவியர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கமாட்டார், தடவிக்கொடுப்பார். அவர் இறந்த பிறகும் கார் சிக்னலில் ஒரு மூச்சு தயங்கிவிட்டுத்தான் கிளம்பியது. அந்தத் தயக்கத்துக்காகவே, போக ஓரிடமும் இல்லாத நாளிலும் அவள் வண்டியை எடுத்தாள்.

"அண்ணன் கடைசியா எப்பக்கா ஓட்டுனாரு?"

"போன ஈஸ்டருக்கு. அப்புறம் நான்தான், தெனமும்."

அப்சல் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "யார் ஓட்டுறாங்களோ அவங்க காலுக்கு அது மாறிக்கிட்டே இருக்கும்க்கா. பழசு மேலயே புதுசு ஏறிரும். அண்ணனோடது எப்பவோ போயிருக்கும்."

"இன்னைக்குக் காலைலகூடத் தயங்குச்சே?"

"அது உங்க கால்தான்க்கா."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள், பிறகு சத்தமில்லாமல் சாத்தினாள். சுற்றிப்போய் இடப்பக்க இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.