பார்க்க அனுமதி உள்ளவர்

அந்தக் கம்பெனியில் ஒருவர் பகலில் செய்த வேலை, அவர் அனுமதித்தவர்களுக்கு அன்றிரவே கனவாகப் போய்விடும். அந்த அனுமதிப் பட்டியலில் மேனேஜர் பெயர் கட்டாயம். கூடவே, மண்டியில் மூட்டை தூக்கும் தன் அப்பாவையும் சேர்த்திருந்தாள் எழிலரசி.

காலையில் அப்பா டீயை ஆற்றியபடி சொன்னார். “ஒன் ஆபீசு மேகத்துல மெதக்குற மாதிரி இருந்துச்சு பாப்பா. எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீ மட்டும் ஏம்மா அந்த மேனேஜராளு முன்னாடி நின்னுக்கிட்டே கெடக்குற? நிக்கிறதுக்கா படிக்க வச்சேன்?”

ஆபீசில், அப்பாவின் பெயரைப் பார்த்த மேனேஜர் முகம் சுளித்தார். “இவரை எடுத்துடும்மா. நம்ம விஷயம் வீட்டாளுங்களுக்கு எதுக்கு?”

அனுமதித் திரை காற்றில் நீலமாக அலைந்தது. அவள் விரல் அப்பாவின் பெயர்வரை போய்த் திரும்பியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எடுக்க மாட்டேன் சார். இன்னைக்காவது எங்கப்பாவுக்கு நல்ல கனவு வரட்டும்.”