ஈர மணலில் ஒரு மோதிரம்

மாலை வெயிலில் ஈர மணல் மினுங்குகிறது. அலை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வருகிறது. கடலில் குளிக்க இறங்கிய ஒரு நர்ஸின் விரலிலிருந்து கழன்று விழுந்துவிட்டது ஒரு மோதிரம். செத்துப்போன அவள் அம்மா போட்டிருந்தது. அதைத்தான் ஊர்த் தையல்காரி ஒருத்தி தன் மெட்டல் டிடெக்டரால் தேடிக்கொண்டிருக்கிறாள். காதில் ஹெட்போன். டிடெக்டரின் வட்டத் தட்டு மணலை உரசாமல் இடமும் வலமுமாகப் போய்வருகிறது. மண்வெட்டியோடு பின்னால் வரும் புருஷன் முணுமுணுக்கிறான். "பெரிய திரை வச்சதை வாங்குன்னு கடையிலயே சொன்னேன். கேட்டாத்தானே?" "உப்புத் தண்ணியைக் கண்டா அந்த மெஷின் சும்மா சும்மா கத்தும். இது ஈரத்துல உளறாது. வாயை மூடிக்கிட்டு வாங்க." அழுதுகொண்டிருந்த நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கரகரவென்று சத்தம். "பாட்டில் மூடி," என்று தையல்காரி நிற்காமல் கடக்கிறாள். சற்றுத் தள்ளி, தணிந்து, பிசிறில்லாமல் ஓர் ஓசை. சட்டென நின்று தட்டைக் குறுக்கே வீசிப் பார்க்கிறாள். அதே ஓசை. "இங்க தோண்டுங்க, சீக்கிரம்!" தோண்டத் தோண்ட அலை வந்து குழியை நிரப்புகிறது. அவள் மண்டியிட்டு, கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி மணலோடு எடுத்து விரிக்கிறாள். உள்ளங்கையில் மஞ்சளாய் ஒரு வளையம். நர்ஸ் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விசும்புகிறாள். கூடி நிற்பவர்கள் எல்லாரும் மோதிரத்தையே எட்டிப் பார்க்கிறார்கள். புருஷன் மட்டும் சேறும் தண்ணீருமாக எழுந்திருக்கும் மனைவியைப் பார்க்கிறான். பிறகு, யாரும் கேட்காமலே, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிறான்: "என் வீட்டுக்காரிங்க."