முதலில் காபி

மாகாணப் போலீஸ் தலைவர் மித்கால் பாஷாவின் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவரான ஷேக் அவ்வாத், காபிக் கோப்பையை வாயில் வைக்காமலே கீழே வைத்தார்.

"ஒண்ணு கேட்டு வந்திருக்கோம் பாஷா. குடுத்தாத்தான் குடிப்போம்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்தச் சிபாரிசுக்கும் மசியாதவர் பாஷா. இவர்கள் எதற்கு வந்திருப்பார்கள் என்று தெரியாதா? கார்ட்டூன் போடுகிற அந்தப் பயல் ரகானை விடச்சொல்லத்தான். வீட்டுக்குள் அவர் போடும் பிய்ந்த பச்சைச் செருப்பை, ஒட்டுத் தையலோடு அப்படியே வரைந்து பத்திரிகையில் போட்டவன். "யார்ரா உனக்குச் சொன்னது?" என்று லாக்கப்பில் வைத்து மூன்று நாள் உலுக்கியும் அவன் வாய் திறக்கவில்லை.

ஆனால், வீடு தேடி வந்த பெரியவர்கள் காபி குடிக்காமல் எழுந்து போனால் ஏழு தலைமுறைக்கும் அவமானம். வேறு வழி?

"கேக்கவே வேணாம் ஷேக். குடுத்தாச்சு! குடிங்க."

பதினைந்து பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

"நாளைக்குக் காலையில ரகான் வெளியே வந்துடுவான்," என்றார் பாஷா பெருந்தன்மையாக.

"அவனா? நீங்க தலைநகர் அம்மானுக்குப் போயிருந்தப்பவே கோர்ட்டு அவனை விட்டுடுச்சே! வாசல்ல, கார்ல உக்காந்திருக்கான்." ஷேக் தாடியைத் தடவிக்கொண்டார். "நாங்க கேட்டு வந்தது உங்க பொண்ணு லுஜைனை. அவனுக்கு."

குடித்த காபியைத் திருப்பிக் கேட்க முடியுமா? பாஷா வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

அறை வாசலில் அந்தப் பச்சைச் செருப்பு கிடந்தது. அதற்கு ஒட்டுப் போட்டுத் தைத்தவள் லுஜைன்தான்.